ஒரு படத்தில் நிலா வைத்த கதை

போன வருஷம் ஆடி மாதத்தில் ஒரு நாள், இரவுச் சாப்பாடு முடிந்து மாத்திரை போட்டுக்கொண்டிருந்த நேரம், பிரான்சிலிருந்து அண்ணி பேசினார்.

“தம்பி, உங்க அண்ணன் கூடத்துல மாட்டியிருக்கிற கடல் படத்துக்கு எதிர்ல போய் நின்னுக்கிட்டு, ‘நிலா எங்க, நிலாவைக் காணோமே’ன்னு கேட்டுக்கிட்டே இருக்கார். ராத்திரி ரெண்டு மணிக்கெல்லாம் எழுந்து போய்க் கேக்கறார். நான் என்னத்தைச் சொல்றது? உங்க பேரன் கம்ப்யூட்டர்ல என்னென்னவோ பண்றானாமே, அந்தப் படத்துல ஒரு நிலாவை வச்சு அனுப்பச் சொல்லுங்களேன்.”

அண்ணனுக்கு 80 வயது. மறதி நோய் வந்து மூன்று வருஷமாகிறது. காலையில் சாப்பிட்டது மத்தியானம் நினைவில்லை. பிள்ளைகளின் பெயரை மாற்றி மாற்றிக் கூப்பிடுகிறார். ஆனால் அறுபது வருஷத்துக்கு முன்னால் பார்த்த நிலா மட்டும் போகவில்லை.

அவர் கேட்கும் படம் என் வீட்டுக் கூடத்திலும் இருக்கிறது. 1964 மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரையில் அண்ணனே எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். புதுச்சேரிக்காரர்களுக்கு மாசி மகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டாம். மயிலம் முருகன், தீவனூர்ப் பிள்ளையார் என்று ஊர் ஊராகச் சாமிகள் வந்து தீர்த்தவாரி நடக்கும். அந்தக் கூட்டத்தை விட்டு, சாயங்காலம் வடக்கே ஆளில்லாத இடமாக நடந்து போய் எடுத்தது அது. கொஞ்சம் மணல், ஒரு கட்டுமரம், கடல், வானத்தில் மெல்லிய ஒரு மேகக் கீற்று. அவ்வளவுதான். நிலா கிடையாது.

அந்தச் சாயங்காலத்தைப் பற்றிச் சொல்வதற்கு முன் எங்கள் வீட்டு நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன்.

1962 ஆகஸ்ட் 16-ஆம் தேதி புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது. அதற்குப் பின் ஆறு மாதத்துக்குள், விரும்பியவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்வதாக எழுதிக் கொடுக்கலாம். எங்கள் ஊரில் அதற்கு ‘ஒப்சியோன்’ என்று பெயர். அப்பா எழுதிக் கொடுக்கவில்லை. பிரெஞ்சுக்காரன் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தவர்தான். ஆனாலும், “பொறந்த மண்ணுல இருக்கிறவனுக்கு எதுக்குடா இன்னொரு காயிதம்?” என்பார். அண்ணன் 18 வயது முடிந்தவர். அப்பாவிடம் சொல்லாமல் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். அன்றைக்கு நின்றது பேச்சு. ஒரே வீடு, ஒரே உலை. ஆனால் “அவனுக்குச் சோறு போட்டாச்சா?” என்று அம்மாவிடம்தான் கேட்பார்.

1964-இல் அண்ணனுக்குப் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர உத்தரவு வந்தது. மகத்துக்கு அடுத்த வாரம் கிளம்பிப் போய் பம்பாயில் கப்பலேறினார். அப்பா வழியனுப்ப வரவில்லை. கிளம்புகிற அன்று காலையிலேயே வெளியே போய்விட்டார். 1967-இல் அப்பா இறந்தார். அண்ணனுக்கு முதல் லீவு கிடைத்தது அதற்கடுத்த வருஷம். அதன் பிறகு எத்தனை முறை ஊருக்கு வந்தாலும், இரண்டாவது கிளாஸ் உள்ளே போனதும் இதைத்தான் சொல்வார்: “கடைசி வரைக்கும் மனுஷன் என் பக்கம் திரும்பிப் பார்க்கலைடா.”

நான் அப்போது 14 வயதுப் பையன். அண்ணனோடு கடற்கரைக்குப் போனவன் நான்தான். கேமரா எங்கள் பெரியப்பா சைகோனிலிருந்து திரும்பும்போது கொண்டுவந்த செம்ஃப்ளெக்ஸ். மேலே மூடியைத் திறந்து, குனிந்து கண்ணாடியைப் பார்த்து எடுக்கிற ரகம். ஒரு சுருளுக்கு 12 படம். பன்னிரண்டாவது படம்தான் இந்தக் கடல். எடுத்து முடித்த பிறகும் இருட்டும் வரை உட்கார்ந்திருந்தோம். நிலா எழுந்தது. அண்ணன் கேமராவைத் தட்டி, “சுருள் தீர்ந்துபோச்சே” என்று சிரித்தார். ஆக, அண்ணன் நிலாவைப் பார்த்தது நிஜம். படத்தில் இல்லாததும் நிஜம்.

அண்ணிக்குச் சரி என்று சொல்லிவிட்டேனே தவிர, ஒரு வாரம் அந்த வேலையைத் தொடவில்லை. 38 வருஷம் அரசாங்கக் குமாஸ்தாவாக இருந்தவன் நான். பதிவேட்டில் தவறு வந்தால் ரப்பரால் அழிக்கக் கூடாது, வெள்ளை பூசக் கூடாது; அடித்தது படிக்கத் தெரிய வேண்டும்; மேலே சரியானதை எழுதித் தேதியோடு சுருக்கொப்பம் போட வேண்டும். ஓய்வு பெற்று 14 வருஷமாகியும் இந்தப் புத்தி போகவில்லை. ஒரு படத்தில் இல்லாத நிலாவை வைப்பது எனக்கு இடைச்செருகலாகப் பட்டது. ஆனால் இரவு இரண்டு மணிக்கு இருட்டில் நிற்கும் அண்ணனை நினைத்தால் மனசு கேட்கவில்லை.

பேரன் சுவரிலிருந்த படத்தைச் செல்போனில் எடுத்துப் பத்து நிமிஷத்தில் ஒரு நிலாவை வைத்துக் கொடுத்தான். பளபளவென்று, குழி குழியாக, கட்டுமரத்தைவிடப் பெரிய நிலா. அனுப்பினோம். அண்ணி வீடியோவில் காட்டினார். அண்ணன் உற்றுப் பார்த்தார்.

“இது என்ன, தாம்பாளம்?” என்றார்.

பிள்ளைகளின் பெயர் மறந்தவரை நிலா விஷயத்தில் ஏமாற்ற முடியவில்லை. அப்போதுதான் எனக்கு ரோஷம் வந்தது. செய்தால் ஒழுங்காகச் செய்ய வேண்டும்.

முதலில் அளவு. கடல் மேல் எழும் நிலா பெரிதாகத் தெரிவது நம் கண்ணின் மயக்கம். உச்சியில் இருந்தாலும் அடிவானத்தில் இருந்தாலும் அதன் அகலம் ஏறக்குறைய அரை டிகிரிதான். நம்பாதவர்கள், ஆபீஸ் பஞ்சிங் மெஷினால் ஒரு காகிதத்தில் ஓட்டை போட்டுக் கையை முழுக்க நீட்டி நிலாவைப் பாருங்கள். அந்த ஓட்டைக்குள் முழு நிலாவும் அடங்கிவிடும். நான் கோப்புகளில் போட்ட ஓட்டைகளுக்குக் கணக்கில்லை. ஒவ்வொன்றும் ஒரு நிலா என்று அப்போது தெரியாது. படத்துக்கு இன்னொரு கணக்கு உண்டு. லென்சின் குவிய தூரத்தை 110-ஆல் வகுத்தால் பிலிமில் விழும் நிலாவின் அகலம். செம்ஃப்ளெக்ஸுக்கு 75 மில்லிமீட்டர் லென்ஸ். ஆக, பிலிமில் நிலா முக்கால் மில்லிமீட்டர்கூட இல்லை. 10 அங்குலப் படமாகப் பெரிதாக்கினால் 3 மில்லிமீட்டர். உளுத்தம்பருப்பைவிடச் சிறியது. பேரன் வைத்தது 5 சென்டிமீட்டர்.

அடுத்தது, எந்த நிலா. இணையத்தில் கிடைக்கும் நிலாக்கள் பெரும்பாலும் வடக்கு மேலே இருக்கும்படி நிமிர்த்தி வைத்தவை. நம் கடலில் கிழக்கு நோக்கி நிற்கிறவனுக்கு வடக்கு இடது கைப்பக்கம். எழும் நிலாவும் ஏறக்குறைய கால் வட்டம் இடப்பக்கம் சாய்ந்துதான் தெரியும். முயல் நிற்கிற நிலை தப்பினால், காரணம் சொல்லத் தெரியாதவனுக்கும் ஏதோ சரியில்லை என்று படும். அதனால் ஆவணி மாதப் பௌர்ணமியன்று பேரனைக் கூட்டிக்கொண்டு கடற்கரைச் சாலைக்குப் போய், அவன் கேமராவில் எங்கள் நிலாவையே எடுத்தோம். வைத்திக்குப்பத்தில் அந்த மணல் இப்போது இல்லை, கடல் அரித்து, கருங்கல் கொட்டியிருக்கிறார்கள். 1964-இல் இருந்தபடியே இருப்பது நிலா ஒன்றுதான். அது எப்போதும் ஒரே முகத்தைத்தான் காட்டுகிறது.

பிறகு வெளிச்சம். அடிவானத்து நிலா வெள்ளை வெளேரென்று இருக்காது. கடல் மூட்டத்துக்குள்ளிருந்து வருவதால் மங்கல். கறுப்பு வெள்ளையில் அது சாம்பல். கீழ்ப்பாதி இன்னும் மங்கல். அதன் கறைகள் சுற்றியுள்ள வானத்தைவிடக் கறுப்பாக இருக்கவே முடியாது. ஏனென்றால் வானத்து வெளிச்சம் நமக்கும் நிலாவுக்கும் நடுவில் இருக்கிறது. பேரன் வைத்த நிலா வில்லை ஒட்டியதுபோல் தெரிந்ததற்கு இதுதான் காரணம். ஒட்டக் கூடாது, இருக்கிற வானத்தின் மேல் நிலாவின் வெளிச்சத்தைக் கூட்ட வேண்டும். எடிட்டிங்கில் அதற்கு ‘ஸ்க்ரீன்’ என்று ஒரு வழி இருக்கிறதென்று பேரன் கண்டுபிடித்தான். இன்னும் உண்டு. மேகக் கீற்று நிலாவுக்கு முன்னால் வர வேண்டும். பழைய லென்சின் மென்மைக்கு நிலாவையும் மழுக்க வேண்டும். பிலிமின் பொடிப் பொடியான மணி நிலா மேலும் விழ வேண்டும். தண்ணீரில் மினுங்கும் தடம் நிலாவுக்கு நேர் கீழே நம்மை நோக்கி வர வேண்டும், கோணலாக வராது.

பகலில் எடுத்த படத்தை எப்படி அந்தியாக்குவது? பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சில் படித்ததற்கு இந்த வயதில் ஒரு பயன். பகலில் எடுத்து இரவென்று காட்டுவதற்குப் பிரெஞ்சு சினிமாக்காரர்கள் சொல்லும் பெயர் ‘அமெரிக்க இரவு’. த்ருஃபோ 1973-இல் அந்தப் பெயரிலேயே ஒரு படம் எடுத்தார். அதற்கும் நூறு வருஷத்துக்கு முன்பே, 1856-இல், குஸ்தாவ் லெ கிரே என்ற பிரெஞ்சுக்காரர் கடலில் நிற்கும் ஒரு கப்பலை எடுத்தார். பார்த்தவர்கள் நிலவொளி என்றார்கள். உண்மையில் அது மேகத்துக்குப் பின்னாலிருந்த சூரியன். படத்தை இருட்டாக எடுத்தால் சூரியனே நிலாவாகிவிடுகிறது. வானத்துக்கு ஒரு நெகட்டிவ், கடலுக்கு ஒரு நெகட்டிவ் என்று இரண்டை இணைத்து ஒரே படமாக அச்சிட்டவரும் அவர்தான். எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

சுவர்ப்படம் மங்கிவிட்டதால், பெட்டியைக் கிளறி நெகட்டிவை எடுத்தோம். அம்மா ஒரு பிரெஞ்சு ஆபீஸ் உறைக்குள் போட்டு வைத்திருந்தார். பேரன் அதை ஸ்கேன் செய்து திரையில் போட்டான்.

படத்தின் அடியில் நான் பார்த்தே இராத ஒரு பகுதி இருந்தது.

நெகட்டிவ் சதுரமானது. எங்கள் சுவர்ப்படம் நீளவாட்டமானது. அன்றைக்குப் பிரிண்ட் போட்ட ஸ்டுடியோக்காரர் கீழ்ப்பகுதியை வெட்டிவிட்டிருக்கிறார். காரணம் இருந்தது. மணலில் நிழல்கள் விழுந்திருந்தன. எடுப்பவனின் நிழல் படத்தில் விழுவது அந்தக் காலத்தில் பெரிய குற்றம். நடுவில் முழங்கை இரண்டையும் விரித்துக் குனிந்த நிழல், அண்ணன். இடது பக்கம் குட்டை நிழல், நான்.

நிழலைப் பார்த்ததும் எனக்குக் கணக்குதான் முதலில் ஓடியது. கேமராவின் நிழல் அடிவானத்துக்கு எத்தனை டிகிரி கீழே விழுகிறதோ, அத்தனை டிகிரி உயரத்தில் பின்னால் சூரியன் இருக்கிறது என்று அர்த்தம். 10 அங்குலப் படத்தில் அளந்தால் 6 சென்டிமீட்டர். அதாவது 10 டிகிரி. நம் ஊரில் சூரியன் அவ்வளவு இறங்க 40 நிமிஷம் ஆகும். பழைய பஞ்சாங்கப்படி அந்த வருஷம் மகமும் பௌர்ணமியும் ஒரே நாள். பௌர்ணமி நிலா சூரியனுக்கு நேர் எதிரே இருப்பது. சூரியன் விழும்போதுதான் அது எழும். ஆக, அண்ணன் பொத்தானை அழுத்திய நேரத்தில் நிலா கடலுக்கு அடியில்.

நிலா என்பது தேதி முத்திரை மாதிரி. அமெரிக்காவில் ஆன்சல் ஆடம்ஸ் என்பவர் எடுத்த புகழ்பெற்ற நிலாப் படம் ஒன்று உண்டு. எந்த வருஷம் எடுத்தது என்பதில் அவருக்கே குழப்பம். படத்தில் நிலா நின்ற இடத்தை வைத்தே அது 1941 நவம்பர் 1 என்று பின்னால் கணக்கிட்டுச் சொன்னார்கள். அப்படிப்பட்ட சாட்சியை இஷ்டப்படி வைக்க முடியாது. என் படத்தில் அந்த நிழல்களும் முழு நிலாவும் சேர்ந்து இருக்க முடியாது. நிலா வர வேண்டுமானால் வெயில் போக வேண்டும். வெயில் போனால் நிழல் போக வேண்டும். ஸ்டுடியோக்காரர் வெட்டியதுபோல் வெட்டிவிட்டால் தீர்ந்தது.

வெட்டுவதற்கு முன் நெகட்டிவில் இருந்த தூசியைத் துடைக்க, கீழ்ப்பகுதியைப் பெரிதாக்கினேன். வலது ஓரத்தில் ஒரு கறை என்று நினைத்தது கறை இல்லை. விரித்த குடை. அதன் ஒரு பக்கம் கம்பி ஒடிந்து துணி தொங்குகிறது.

எங்கள் வீட்டில் அந்தக் குடையைத் தெரியாதவர் கிடையாது. அம்மா இரண்டு வருஷமாக அதைச் சரி செய்யச் சொல்லி நச்சரித்துக்கொண்டிருந்தார். அப்பா வெயில் சாய்ந்த பிறகும் குடையை மடக்க மாட்டார்.

குடைக்குக் கீழே ஒரு தலையும் தோளும். அப்பா அண்ணனைவிட உயரம். ஆனால் குடையின் உச்சிகூட அண்ணனின் தலை நிழலுக்குக் கீழேதான் இருந்தது. பின்னால் நிற்பவரின் நிழல்தான் அப்படிக் குறையும். கணக்குப் போட்டேன். நாலு மீட்டர். அண்ணன் குனிந்து கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருக்க, எங்கள் இருவருக்கும் பின்னால், கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில், ஒரு வார்த்தையும் பேசாமல் நின்றிருக்கிறார். நான் திரும்பிப் பார்த்ததாக நினைவில்லை. நிலா எழுவதற்குள் போய்விட்டிருக்க வேண்டும்.

நான் ரொம்ப நேரம் அந்தத் திரையின் முன் உட்கார்ந்திருந்தேன். பேரன், “தாத்தா, கீழே கிராப் பண்ணிடவா?” என்று கேட்டான். நிலா வைத்தால் அப்பா போய்விடுவார். அப்பா இருந்தால் நிலா எழாது.

கடைசியில் இரண்டாகச் செய்தோம். ஒன்றில் நிழலை வெட்டி, வானத்தை அந்தியாக்கி, நிலாவை வைத்தோம். எங்கே வைப்பது என்பதைக்கூட அந்த நிழல்தான் சொன்னது. பௌர்ணமியன்று சாயங்காலம் நம் நிழல் கடலில் எந்தப் பக்கம் நீள்கிறதோ, ஏறக்குறைய அந்தப் பக்கம்தான் நிலா எழும். 3 மில்லிமீட்டர் நிலா, கடலுக்குச் சற்று மேலே. படத்தின் பின்புறம் “நிலா பின்னர் சேர்க்கப்பட்டது” என்று எழுதி, தேதி போட்டுச் சுருக்கொப்பமிட்டேன். இன்னொன்று முழுச் சதுரம். எதையும் சேர்க்கவில்லை, எதையும் வெட்டவில்லை. அதன் பின்புறம் எதுவும் எழுதவில்லை. இரண்டையும் தபாலில் அனுப்பினேன்.

புரட்டாசியில் அண்ணி பேசினார். நிலாப் படத்தைப் பார்த்ததும் அண்ணன் தலையை ஆட்டி, “ம், இதுதான்” என்றாராம். அதோடு ராத்திரியில் எழுந்து கேட்பது நின்றுவிட்டது. “ஆனா தம்பி, அந்த இன்னொரு படத்தைக் கையில வச்சுக்கிட்டு ஏதோ கேக்கறார், எனக்குப் புரியலை. இருங்க, குடுக்கறேன்.”

அண்ணன் முகம் திரையில் வந்தது. படத்தின் வலது ஓரத்தில் விரலை வைத்திருந்தார்.

“இந்தக் குடை,” என்றார்.

“ஆமாண்ணே.”

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டார்: “வந்தாராடா?”

“வந்தார்ண்ணே. பின்னாலதான் நின்னிருக்கார். நாமதான் பார்க்கலை.”

அவர் இன்னும் வாரத்துக்கு ஒரு முறையாவது அதையே கேட்கிறார். சொன்னது மறந்துபோகிறது. நானும் ஒவ்வொரு முறையும் அதையே சொல்கிறேன். 38 வருஷ உத்தியோகத்தில் ஒரே கேள்விக்குத் திரும்பத் திரும்பப் பதில் எழுத எனக்குச் சலிப்பாக இருந்ததுண்டு. இந்த ஒரு பதில் மட்டும் சலிக்கவில்லை.

உங்கள் வீட்டுப் பெட்டியிலும் பழைய நெகட்டிவ் ஏதாவது இருக்கும். பிரிண்ட் இருக்கிறதே என்று எறிந்துவிடாதீர்கள். ஒரு முறை முழுசாகப் போட்டுப் பாருங்கள்.